கூரை வழியே ஒரு விருந்தாளி

காலிச் சவப்பெட்டியே படிக்கட்டின் இரண்டாவது வளைவில் சிக்கிக்கொண்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. சாவு வண்டிக்காரர் கிளான்மோர் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"எலுனெட், அப்பாவப் போர்வையில சுத்தி, நிக்கவச்சுத்தாம்மா இறக்கணும்."

"எங்கப்பா என்ன உருளக்கிழங்கு மூட்டையா?" எலுனெட்டுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்பா தெக்வின் பெட்டியில் படுத்தபடி மரியாதையாகப் போக வேண்டும். மகள் கேட்டது அவ்வளவுதான்.

நானூறு வருஷத்துக்கு முன், தெக்வின் குடியிருந்த அந்த வேல்ஸ் நாட்டுத் தர்ம விடுதியைக் கட்டிய புண்ணியவான், ஏழைக் கிழங்களுக்கு இடம் கொடுத்தார், படிக்கு மட்டும் கொடுக்கவில்லை. ஆனால் சாவை மறக்கவில்லை. மாடி அறைத் தரையில் பெட்டி இறக்கவென்றே பலகைக் கதவு வைத்திருந்தார். தெக்வின் அதை ஆணியடித்து மூடி, மேலே அலமாரியையும் நிறுத்திவிட்டார். எல்லாம் கீழ்வீட்டு மிஸ் பிரிதெர்க்கால்தான். இவர் பக்திப்பாட்டு பாடினால் அந்தம்மாள் துடைப்பக்கட்டையால் விட்டத்தை இடிப்பாள். பேச்சுவார்த்தை நின்று வருஷக்கணக்காகிறது.

எலுனெட் கீழே போய் நின்றாள். "ஆன்ட்டி, அப்பாவ உங்க வீட்டு வழியா..."

"வரட்டுமே! டீ குடிக்கக் கூப்பிட்டப்பல்லாம் மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போனாரு. இப்பக் கூரையப் பிச்சுக்கிட்டு வர்றாராக்கும்!" சொல்லிக்கொண்டே மேசையை ஒழித்தாள்.

கிளான்மோரும் அவருடைய மூன்று ஆட்களும் ஆணிகளைப் பிடுங்கினார்கள். படியில் சிக்கியதை ஒருவழியாக உருவி எடுத்தார்கள். கீழ்வீட்டிலிருந்து அந்த வழியே ஏறிய பெட்டி, தெக்வினோடு கயிற்றில் இறங்கி, மட்டமாக மேசைமேல் உட்கார்ந்தது. எலுனெட்டுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்பா பாட்டு அவ்வளவு மோசமா ஆன்ட்டி?"

"யாரு சொன்னா? கடைசி அடி மனசுக்குப் பிடிச்சா சர்ச்சுல என்ன பண்றோம்? மறுபடி பாடுறோமில்ல? அப்படி மறுபடி பாடச் சொல்லித்தான் தட்டுவேன். பாவி மனுஷன், தட்டுனதும் நிறுத்திருவாரு!"

எலுனெட் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. "ஐயோ அப்பா, அநியாயத்துக்கு வாய மூடிட்டியே!"

"பாதிரியார் காத்திருக்காரு," என்று கிளான்மோர் செருமினார். ஆனாலும் நாலு வேல்ஸ்காரர்கள் ஒரு பெட்டியைச் சுற்றி நின்றுவிட்டுப் பாடாமல் போவார்களா? தொப்பியைக் கழற்றிவிட்டுப் பாடினார்கள். முடித்ததும் தொப்பியைப் போட்டுக்கொண்டு பெட்டியைத் தூக்கக் குனிந்தார்கள்.

மிஸ் பிரிதெர்க் விரலை மடக்கி மேசையில் இரண்டு தட்டு தட்டினாள்.

கிளான்மோர் நிமிர்ந்து, தொப்பியை மறுபடி கழற்றினார்.