பாறையறையின் காற்று

நொதிக்கும் திராட்சைச் சாறு சத்தம் போடும் என்று சொன்னால் விருந்தாளிகள் முதலில் நம்பமாட்டார்கள். டெல்ஃபினா அவர்களைத் தொட்டியருகே அழைத்துப்போய்க் காதை ஒட்டிக் கேட்கச் சொல்வாள். காய்ந்த இலைமேல் தூறல் விழுவதுபோல உள்ளே ஒரு மெல்லிய பொரிச்சல் கேட்கும். கேட்டவர்களின் முகம் சட்டென்று குழந்தை முகமாகிவிடும். அந்த முகத்தைப் பார்ப்பதற்காகவே அவள் ஒவ்வொரு செப்டம்பரும் இந்த விருந்தை நடத்துகிறாள் என்று அவள் கணவன் ஒரெஸ்தே சொல்லுவான்.

மொன்ஃபெர்ராத்தோ மலைச்சரிவில் இருந்த அந்தத் தோட்டத்தில் மூன்று பேருக்கு மூன்று வேலை. ஒயின் டெல்ஃபினாவுடையது. சமையல் ஒரெஸ்தேயுடையது. கலை அவள் தங்கை க்ளேலியாவுடையது. நிலவறைக்கும் கீழே, மணற்பாறையைக் குடைந்து அந்தக் காலத்தில் புட்டிகள் அடுக்கிவைத்த சின்ன அறையைத்தான் க்ளேலியா தன் கலைக்கு எடுத்துக்கொண்டாள். விருந்தாளிகள் ஒருவர் ஒருவராக அவளோடு கீழே இறங்க வேண்டும். கைபேசியை மேலே கூடையில் போட்டுவிட வேண்டும். கீழே கும்மிருட்டு. தாழ்ந்த முக்காலியில் உட்கார்ந்து, கையில் ஒரு கிண்ணம் ஒயினோடு, அதே ஒயின் நொதித்தபோது பதிவுசெய்த சத்தத்தைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் கலை. அழுதுகொண்டே மேலே வந்தவர்களும் உண்டு.

இந்த வருட விருந்தன்று காலை அக்கா தங்கை இருவருக்கும் சண்டை.

"நிலவறைல ஓடற அந்தப் பெரிய விசிறிய நிறுத்தணும் ஃபினா. என் கலை பூரா அது உறுமல்லயே போகுது."

"அறுவடை முடியட்டும். அதுவரைக்கும் விசிறில கை வைக்காத."

"மெழுகுவத்திய இறக்கிப் பாத்துட்டேன், மகாராணி. தரை வரைக்கும் நல்லா எரியுது. உன் தொட்டிங்க இன்னும் தூங்குதுங்க."

அது உண்மைதான். கடையில் ஈஸ்ட் வாங்கிப் போடுகிறவர்களுக்குச் சாறு எந்த நாள் பொங்கும் என்று தெரியும். இங்கே அதெல்லாம் கிடையாது. பழத்தின் தோலில் தானாக ஒட்டி வரும் ஈஸ்ட்தான் வேலை செய்ய வேண்டும். அது நாலைந்து நாள் சும்மா கிடக்கும். பிறகு எப்போது விழித்துக்கொள்ளும் என்று யாராலும் சொல்ல முடியாது.

மதியம் முற்றத்தில் மேசை போட்டிருந்தார்கள். செப்டம்பர் கடைசிக்குப் பொருந்தாத வெயில். ஜெனோவாவில் காய்ந்த மீன் மொத்த வியாபாரம் செய்யும் உபால்தோ டெல்ஃபினாவுக்கு எதிரே உட்கார்ந்து, மூன்றாவது கிண்ணம் பார்பேரா ஒயினை ஒளியில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி நீவெஸ் க்ளேலியாவோடு கீழே போயிருந்தாள்.

"முப்பத்தெட்டு வருஷத்துல இப்பத்தான் யாரோ என் பொண்டாட்டிய வாய மூடி உக்கார வெச்சிருக்காங்க. உங்க தங்கச்சிக்கு எவ்வளவு வேணாலும் குடுக்கலாம்," என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அவர் நிலவறைப் படியருகே தொங்கிய மெழுகுவர்த்திக் கூண்டைக் காட்டினார். "அது என்ன, சாமிக்கா?"

டெல்ஃபினாவுக்குப் பிடித்த கேள்வி அது. முள்கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஈஸ்ட் சர்க்கரையத் தின்னுட்டு ரெண்டு விடும் சிஞ்ஞோர். ஒண்ணு மது. இன்னொண்ணு கரியமில வாயு. ஒரு லிட்டர் சாறு நாப்பது லிட்டருக்கு மேல வாயு விடும். அது காத்தவிட கனம். மேல போகாது, தண்ணி மாதிரி தரையில ஓடும், பள்ளம் எங்க இருக்கோ அங்க போய்த் தேங்கும். கண்ணுக்குத் தெரியாது. மூக்குல சோடா ஏறின மாதிரி சுருக்குனு இருக்கும், அவ்வளவுதான். அதான் மெழுகுவத்திய முழங்காலுக்குக் கீழ பிடிச்சுக்கிட்டு இறங்குவோம். சுடர் அணைஞ்சா திரும்பிடணும்."

"அணைஞ்ச பிறகும் கீழ போனா?"

"அந்தப் பயம் வேண்டாம்னுதான் விசிறி இருக்கு. கேக்குதில்ல, அந்த உறுமல், அதுதான்..."

அவள் கையைத் தூக்கியபடி பேச்சை நிறுத்தினாள்.

உறுமல் கேட்கவில்லை. மேசைமேல் குளவிகள் ரீங்கரித்தன. வேறு சத்தமே இல்லை.

நீவெஸின் தட்டில் பாதி தின்ற அன்யொலோத்தி, இறைச்சி அடைத்த மாவுப் பண்டம், கிடந்தது. அதன் ஓரங்கள் காய்ந்து விறைத்திருந்தன. இந்த வெயிலில் அவை இப்படிக் காய எவ்வளவு நேரம் ஆகும் என்று டெல்ஃபினாவின் மனம் கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு பிடிக்காமல் எழுந்தாள்.

"ஒரெஸ்தே, நிலவறைக் கதவ யார் சாத்தினது?"

அவன் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றான். "நாந்தான். குளவி வந்துச்சுல்ல."

அவள் ஓடினாள். கதவைத் திறந்ததும் மூக்குக்குள் ஊசி குத்தியது. உள்ளே மூன்று தொட்டிகளும் ஒரேயடியாகப் பொங்கிக்கொண்டிருந்தன. காலையில் தூங்கியவை. கறுத்த பழத்தோல் மேலே மேடாக எழும்பி, ஓரத்தில் ஊதா நுரை வழிந்தது. அவள் வாழ்க்கையில் இவ்வளவு அழகாக நொதித்த பார்பேராவைப் பார்த்ததில்லை.

"எல்லாக் கதவையும் தெற! விசிறியப் போடு!"

கூண்டில் மெழுகுவர்த்தியை ஏற்றிக் கயிற்றில் கட்டிப் பாறையறைப் படிகளில் இறக்கினாள். மூன்றாவது படியில் சுடர் குட்டையாகி, திரியை விட்டுத் துள்ளி, அணைந்தது. திரியிலிருந்து வந்த புகை மேலே ஏறவில்லை. குளத்துப் பாசிபோலத் தட்டையாகப் பரவி, காற்றில் ஒரு மட்டம் வரைந்து நின்றது. அந்த மட்டத்துக்குக் கீழே உள்ளதெல்லாம் வாயு.

"க்ளேலியா!"

கீழேயிருந்து பதில் வந்ததுபோல இருந்தது. குனிந்து கேட்டாள். பொரிச்சல். மெல்ல ஏறி இறங்கும் பொரிச்சல். க்ளேலியாவின் ஒலிப்பதிவு இருட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. அது மூச்சுச் சத்தம் மாதிரியே இருந்தது. அதற்கு நடுவே உண்மையான மூச்சு ஏதாவது இருக்கிறதா என்று பிரிக்க முடியவில்லை.

உபால்தோ அவளைத் தள்ளிக்கொண்டு படியில் கால் வைத்தார். அவள் அவருடைய பெல்ட்டைப் பின்னாலிருந்து இரு கையாலும் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க! என் பொண்டாட்டி கீழ இருக்கா!"

"இறங்கினா ரெண்டு மூச்சுதான் சிஞ்ஞோர். மூணாவது மூச்சுக்கு விழுந்துருவீங்க. அப்புறம் கீழ மூணு பேரு."

"உங்க கூடப்பிறந்தவ இல்லையா அங்க? கல்லா உங்க நெஞ்சு?"

அவள் பெல்ட்டை விடவில்லை. மேலே யாரோ அவசர எண்ணுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். தீயணைப்பு வண்டி மலையேறி வர நேரமாகும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

விசிறி உறுமத் தொடங்கியது. ஆனால் அது நிலவறையின் வாயுவைத்தான் இழுக்கும். பாறையறை அதற்கும் கீழே, கிணறுபோல. மேலே எவ்வளவு இழுத்தாலும் கிணற்றில் தேங்கியது தேங்கியபடியே இருக்கும்.

ஒரெஸ்தே கொட்டகையிலிருந்து முதுகில் மாட்டும் ஊதியோடு ஓடிவந்தான். திராட்சைக் கொடிக்குக் கந்தகத் தூள் அடிக்கிற இயந்திரம்.

"ஊதிரலாமா? நிமிஷத்துல காத்த உள்ள தள்ளிரும்."

"தள்ளும்," என்றாள் டெல்ஃபினா. "இரு."

"என்னத்துக்கு இருக்கச் சொல்ற? செத்துருவாங்க ஃபினா!"

அவள் கண்ணை மூடி அந்த அறையை நினைத்துப் பார்த்தாள். அதன் வாசல் குள்ளம், குனிந்துதான் நுழைய வேண்டும். உள்ளே கூரை கவிழ்த்த பானைபோல வளைந்து மேலே போகிறது. நடுவே, பாறையிலேயே விட்டுச் செதுக்கிய மேடை. வாயு படி வழியாக இறங்கித் தரையிலிருந்து நிரம்பும். வாசலின் உச்சி வரை நிரம்பியதும் உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியே போக வழியில்லை. தண்ணீரில் கவிழ்த்து அமுக்கிய கோப்பைக்குள் காற்று மாட்டிக்கொள்வதுபோல, வளைவின் உச்சியில் கொஞ்சம் நல்ல காற்று தங்கும். மேடைமேல் ஏறி நின்றால் தலை அதற்குள் இருக்கும்.

அவர்கள் தரையில் கிடந்தால், ஊதியால் வேகமாக ஊதினால்தான் பிழைப்பார்கள். மேடைமேல் நின்றால், அதே ஊதல் கீழே உள்ள வாயுவைக் கிளறி, அந்தக் கொஞ்சக் காற்றோடு கலந்து, அவர்களைக் கொன்றுவிடும்.

இரண்டில் ஒன்று. கேட்டால் பதில் சொல்லக் கீழேயிருந்து குரலும் வரவில்லை.

"விசிறி காத்த இழுக்குற குழாயக் கழட்டு," என்றாள். "வாய்ப்பக்கத்தப் படி வழியா கீழ எறக்கு. தரை வரைக்கும். அடியிலேந்து இழுப்போம்."

"அது மெதுவா இழுக்கும்!"

"தெரியும்."

"அவங்க தரையில கெடந்தா?"

"க்ளேலியா தரையில கெடக்க மாட்டா. எறக்கு."

குரல் நடுங்காமல் வந்தது. அது யாருடைய குரல் என்று அவளுக்கே தெரியவில்லை. தடித்த குழாய் படிபடியாக நழுவி இருட்டுக்குள் போனது. விசிறியின் உறுமல் மாறி, கனமான எதையோ விழுங்குவதுபோலத் திணறியது. உபால்தோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மனைவி பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தார், கூப்பிடுகிற மாதிரி இல்லாமல், வெறுமனே.

மெழுகுவர்த்தி மறுபடி இறங்கியது. நான்காம் படியில் அணைந்தது. ஏற்றினாள். ஐந்தாம் படி. ஒரெஸ்தே தோளில் ஊதியின் பட்டையோடு அவளையே பார்த்துக்கொண்டு நின்றான். இன்னும் நேரம் இருக்கிறது, இப்போதுகூட ஊதச் சொல்லலாம் என்று அந்தப் பார்வை சொன்னது. அவளுக்குள்ளும் அதே குரல் கேட்டது. ஒவ்வொரு படிக்கும் அது பலமாயிற்று. ஆறாம் படியில் சுடர் அணைந்தபோது அவள் வாயைத் திறந்தே விட்டாள். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு குச்சியைக் கிழித்தாள்.

அடுத்த தடவை மெழுகுவர்த்தி கடைசிப் படி வரை போய், எரிந்தது.

இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு, விளக்கோடு இறங்கினாள். வாசலில் குனிந்து வெளிச்சத்தை உள்ளே அடித்தாள். தரையில் முக்காலி கவிழ்ந்து கிடந்தது, கிண்ணம் உடைந்து ஒயின் பரவியிருந்தது. ஆள் யாரும் கிடக்கவில்லை. வெளிச்சத்தை உயர்த்தினாள். மேடைமேல் நான்கு கால்கள். இரண்டு காலணி போட்ட கால்கள், இரண்டு வெறுங்கால்கள். இடுப்புக்கு மேலே வளைவின் நிழல். கால்கள் அசையவில்லை.

"க்ளேலியா," என்றாள்.

வெறுங்கால்களில் ஒன்றின் பெருவிரல் மடங்கியது.

க்ளேலியா நீவெஸின் அக்குளில் கைகளைக் கோத்து, தன் முதுகைப் பாறையில் முட்டுக்கொடுத்து, அவளைத் தூக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். இருவர் முகமும் கூரையோடு ஒட்டியிருந்தன. நீவெஸுக்கு நினைவு இல்லை, மூச்சு இருந்தது. அவளை டெல்ஃபினா கையில் வாங்கிக்கொண்டதும் க்ளேலியா மேடையிலேயே சரிந்து உட்கார்ந்தாள்.

ஆம்புலன்ஸ் நீவெஸை ஏற்றிக்கொண்டு போனது. வாசலில் உபால்தோ திரும்பி ஏதோ சொல்ல வந்து, சொல்லாமல் ஏறிக்கொண்டார். அடுத்த வண்டிக்காக க்ளேலியா முற்றத்தில் போர்வைக்குள் உட்கார்ந்திருந்தாள். இரண்டு தடவை வாந்தி எடுத்திருந்தாள். உதடுகளில் நிறம் திரும்பியிருந்தது.

"விசிறிய நிறுத்திட்டுத்தான் கீழ போனேன். அந்தம்மா கையிலேந்து கிண்ணம் விழுந்துச்சு," என்றாள். "அப்பத்தான் தெரிஞ்சுது. படிப்பக்கம் இழுத்துட்டுப் போகப் பாத்தேன். அங்கதான் இன்னும் மோசமா இருந்துச்சு. அதான் மேல ஏத்தினேன்."

"நான் கூப்பிட்டேனே. பதில் சொல்லலியே?"

"கத்தினா மூச்சு செலவாகும்ல. நீ பேசினது எல்லாம் கேட்டுச்சு. ஒரெஸ்தே ஊதட்டுமான்னு கேட்டது, எல்லாம். வேண்டாம் வேண்டாம்னு உள்ளுக்குள்ளயே கத்திக்கிட்டு இருந்தேன்."

"நீ மேடைல ஏறியிருப்பேன்னு எனக்குத் தெரியும்."

க்ளேலியா போர்வையை இழுத்துக்கொண்டு அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கேலி இல்லை.

"தெரியுமா ஃபினா, இல்ல நெனச்சியா?"

டெல்ஃபினா அவள் காலடியில் உட்கார்ந்தாள்.

"நான் ஏறாம இருந்திருந்தா?"

டெல்ஃபினா தங்கையின் வெறுங்காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். கால் சில்லென்று இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தாள்.