சான் கயெத்தானோவின் நீச்சல்குளம்

எங்கள் சான் கயெத்தானோவில் யாரும் யாரிடமும் ‘இல்லை’ என்று சொல்வதில்லை. கோஸ்தா ரிக்கா முழுக்கவே கொஞ்சம் அப்படித்தான், ஆனால் மலைமேல் இருக்கிற நாங்கள் அதில் ஒரு படி மேல். வழி கேட்டவனிடம் தெரியாது என்று சொன்னால் அவன் மனம் புண்படுமே என்று, தெரியாத ஊருக்கும் வழி சொல்லி அனுப்புவோம். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் “கட்டாயம் வர்றேன்” என்போம். போகமாட்டோம். கூப்பிட்டவருக்கும் அது தெரியும், அவர் எங்களுக்குச் சேர்த்துச் சமைப்பதில்லை.

வீடு வீடாகக் கேள்வி கேட்டுப் பிழைப்பவளுக்கு இதைவிடக் கொடுமையான ஊர் கிடையாது. சினியா அந்தப் பிழைப்பைத்தான் பிழைத்துக்கொண்டிருந்தாள். பல்கலைக்கழகத்தில் புள்ளியியல் படித்துவிட்டு, கருத்துக்கணிப்புக்குக் கேள்விப் படிவம் எழுதித் தருகிற தொழில்.

பெரியவர்களை நாங்கள் மரியாதையாகத் தோன், தோன்யா என்போம். மேயர் தோன் எலியேசர் ஒருநாள் அவளைக் கூப்பிட்டனுப்பினார். முதல் கேள்வியை அவரே எழுதி வைத்திருந்தார்.

“நகரின் அழகையும் நம் குழந்தைகளின் பாதுகாப்பையும் முன்னிட்டு, நெரிசலும் குப்பையும் மிகுந்த சனிக்கிழமைச் சந்தையை அகற்றிவிட்டு, நவீன வாகன நிறுத்தம் அமைப்பதை நீங்கள் ஆதரிக்கிறீர்கள் அல்லவா?”

பதில்களும் தயார். முழுமையாக ஆதரிக்கிறேன், ஆதரிக்கிறேன், ஓரளவு ஆதரிக்கிறேன், யோசித்துவிட்டு ஆதரிக்கிறேன்.

“வேண்டாம்னு நினைக்கிறவங்க எங்க குறி போடுவாங்க, தோன் எலியேசர்?”

“அதுக்குத்தானே ‘யோசித்துவிட்டு’ன்னு ஒண்ணு வெச்சிருக்கேன்!”

“இது ஒரு கேள்வி இல்லீங்க, நாலஞ்சு கேள்வி. குழந்தை பத்திரமா இருக்கணுமான்னு கேட்டு, சந்தையைத் தூக்கப் பதில் வாங்கறீங்க.”

“முதல் கேள்வியில ஒரு கமா மாறக் கூடாது. மிச்சமெல்லாம் உங்க இஷ்டம், மகளே. நான் செஞ்சதையெல்லாம் வரிசையா போடுங்க. விளக்குக் கம்பம், பெஞ்சு, சாக்கடை. ஜனங்க திருப்தியா இருக்காங்களான்னு கேளுங்க.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். ஆனால் இங்கே அழுகிற வேலைக்குச் சினியாவைக் கூலிக்கு வைத்திருந்தார்கள்.

அந்தச் சந்தையில்தான் அவளுடைய அக்கா யோர்லேனி சோள அடை சுட்டு விற்கிறாள். இளஞ்சோளத்தை அரைத்து, கல்லில் ஊற்றி, மேலே புளித்த பாலாடையை அள்ளி வைத்துக் கொடுப்பாள். அம்மா போனபிறகு தங்கையைப் படிக்கவைத்ததே அந்தக் கல்தான்.

“அடியே, உன் புள்ளியியல் என் அடுப்புலதான் வெந்துச்சு,” என்றாள் யோர்லேனி, விஷயத்தைக் கேட்டதும். “இப்ப அந்தப் படிப்பை வெச்சு என் அடுப்பையே அணைக்கப் போறியா?”

“நான் விட்டுட்டா வேற ஒருத்தன் வந்து இதையே கேப்பான்க்கா.”

“அவன் கேட்டா திட்டலாம். உன்னை எப்படித் திட்டுறது?” என்று சொல்லிவிட்டு ஒரு மணி நேரம் திட்டினாள்.

அக்காவின் கையில் இருந்த எண்ணெய்ச் சூட்டுத் தழும்பைப் பார்த்துச் சினியா அழுதாள். அழுது முடித்தபோது அவளுக்குத் தொழிலின் பழைய குறும்பு ஒன்று நினைவுக்கு வந்தது. பத்துப் பொருளைப் பற்றிக் கேட்கும்போது, நடுவில் இல்லாத பொருள் ஒன்றையும் நுழைத்துவிட வேண்டும். அதை எத்தனை பேர் பாராட்டுகிறார்கள் என்று பார்த்தால், மற்ற பாராட்டுகள் என்ன விலை பெறும் என்று தெரிந்துவிடும்.

விளக்குக் கம்பத்துக்கும் பெஞ்சுக்கும் நடுவே அவள் ஒரு வரி சேர்த்தாள். “நகராட்சி நீச்சல்குளம் உங்களுக்கு எந்த அளவு திருப்தி அளிக்கிறது?”

எங்கள் ஊரில் நீச்சல்குளம் கிடையாது. இந்தக் குளிரில் முகம் கழுவுவதற்கே ஆள் யோசிக்கிறான். தோன் எலியேசர் தன் பெயரில் எழுத்துப்பிழை இல்லை என்பதை மட்டும் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சினியாவும் அவளோடு வேலை பார்க்கும் வில்பெர்த்தும் ஆளுக்குப் பாதி ஊரைப் பிரித்துக்கொண்டு கிளம்பினார்கள். போன வீட்டிலெல்லாம் காப்பி, காப்பியோடு ரொட்டி, ரொட்டியோடு ஆதரவு.

“குளமா? ரொம்ப நல்லா பண்ணியிருக்காங்க,” என்றார் தோன்யா எத்தெல்வினா. “என் பேரன் அங்கேயேதான் கிடக்கான்.”

பக்கத்து வீட்டுக்காரர் கொஞ்சம் யோசித்தார். “தண்ணிதான் சில்லுன்னு இருக்கு. மத்தபடி குறை சொல்லக்கூடாது.”

சினியா உதட்டைக் கடித்துக்கொண்டு எழுதினாள். சிலர் ‘இன்னும் போய்ப் பார்க்கலை’ என்று நழுவினார்கள். குளமே இல்லை என்ற உண்மையைச் சொன்னவர் பிணவண்டி ஓட்டுகிற ஒருவர்தான். அவரும் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார்.

ஒரு சாயங்காலம் யோர்லேனி அடுப்பைக் கிளறிக்கொண்டே சொன்னாள், “உன் வில்பெர்த் வந்திருந்தான்.”

“நீ என்ன சொன்னே?”

யோர்லேனி அடுப்பை இன்னும் கிளறினாள்.

“அக்கா!”

“மழையில தொப்பலா நனைஞ்சு வந்தான்டி. அவ்வளவு மரியாதையா கேக்கறான். மூஞ்சிக்கு நேரா எப்படி வேண்டாம்னு சொல்றது?”

“உன் கடையையே தூக்கச் சொல்லியிருக்கே!”

“முழுமையா சொல்லலை,” என்றாள் யோர்லேனி ரோஷத்தோடு. “ஓரளவுதான்.”

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பள்ளிக்கூட அரங்கில் ஊர் கூடியது. தோன் எலியேசர் முடிவுகளை வாசித்தார். வாகன நிறுத்தத்துக்கு நூற்றுக்கு எண்பத்துமூன்று பேர் ஆதரவு, மிச்சம் பேர் யோசித்துவிட்டு ஆதரவு. கைதட்டினார்கள். விளக்குக் கம்பம், திருப்தி. கைதட்டினார்கள். “நகராட்சி நீச்சல்குளம்,” என்று வாசித்தவர் ஒரு நொடி நின்றார். பிறகு எண்ணைப் பார்த்தார். எண்பதை ஒட்டியிருந்தது. அவர் முகம் மலர்ந்தது. “இது என் நிர்வாகத்துக்குக் கிடைச்ச பெருமை!”

இப்போது சிரிப்பார்கள் என்று சினியா காத்திருந்தாள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். மேயரை நாலு பேர் முன்னால் எப்படிச் சங்கடப்படுத்துவது? இவர்களை நம்பி வலை விரித்தோமே என்று அவளுக்கு ஆத்திரம் பொங்கியது. அவளே எழுந்து சொன்னால் மேயரின் ஆட்கள் ‘அக்காவுக்காகப் பேசுகிறாள்’ என்று வாயை அடைத்துவிடுவார்கள்.

அப்போது யோர்லேனி எழுந்தாள். அவளும் எங்கள் ஊர்க்காரிதானே, குற்றம் சொல்லத் தெரியாது. நன்றி சொன்னாள்.

“ரொம்ப நன்றி, தோன் எலியேசர். சந்தை போயிட்டா எனக்குச் சனிக்கிழமை சும்மாதான் இருக்கும். பிள்ளைங்களைக் குளத்துக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு பார்த்தேன். எந்தப் பக்கம்னு சொன்னீங்கன்னா புண்ணியமா போகும்.”

தோன் எலியேசரும் எங்கள் ஊர்க்காரர்தான். வழி கேட்டவரிடம் தெரியாது என்று அவர் நாக்கு ஒருநாளும் சொன்னதில்லை.

“அதுவா... அத்திமரத்துலேந்து தெக்கே இருநூறு மீட்டர்,” என்றார்.

அந்த அத்திமரம் விழுந்து ஒரு தலைமுறை ஆகிறது. ஆனாலும் எங்கள் விலாசங்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்கும். அரங்கில் இருந்த அத்தனை பேரும் மனசுக்குள் மரத்தடியில் நின்று, தெற்கே திரும்பி, நடந்து பார்த்தார்கள். பதற்றத்தில் மனுஷன் நாக்குக்குப் பழகிய விலாசத்தைச் சொல்லிவிட்டார்.

“அது உங்க வீடாச்சே!” என்றார் தோன்யா எத்தெல்வினா, உண்மையான மகிழ்ச்சியோடு. “எத்தனை மணிக்குத் திறப்பீங்க?”

பின்வரிசையில் ஒருவர் மூக்கால் சிரித்தார். அவ்வளவுதான், அரங்கமே அதிர்ந்தது. தட்டிய கைகளே வயிற்றைப் பிடித்துக்கொண்டன. சினியா எழுந்து நின்று, சிரிப்பு அடங்கும்வரை பொறுத்துச் சொன்னாள்:

“இல்லாத குளத்தைப் பாராட்டின அதே ஜனங்கதான் வாகன நிறுத்தத்தையும் பாராட்டியிருக்காங்க. அந்த எண்பதை நம்பலைன்னா, இந்த எண்பத்துமூணையும் நம்பாதீங்க.”

நகரமன்ற உறுப்பினர்களுக்கு வேறு வழியில்லை. மறுபடி கேட்கச் சொன்னார்கள். இந்த முறை சினியா எழுதியது ஒரே கேள்வி. சனிக்கிழமைச் சந்தை எங்கே நடக்க வேண்டும், இதே தெருவிலா, வேறு இடத்திலா? காப்பி குடிக்க ஆள் வராது, நனைந்த முகம் வராது. தேவாலய வாசலில் ஒரு பெட்டி மட்டும்.

அப்படியும் யோர்லேனி பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள், “எதுல போட்டா உனக்குச் சந்தோஷம்?” சினியா சுவர்ப்பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

சந்தை இதே தெருவிலேயே நிலைத்தது. பெட்டியில் விழுந்த ஒரு தாளின் ஓரத்தில் மட்டும், குளத்துத் தண்ணீரைக் கொஞ்சம் சூடாக்கினால் நல்லது என்று எழுதியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை தோன் எலியேசர், தனக்கு மனத்தாங்கல் ஒன்றுமில்லை என்று ஊருக்குக் காட்டச் சந்தைக்கு வந்தார். யோர்லேனி கடையில் நின்றார். அவள் மாவில் சர்க்கரை போடவேண்டிய இடத்தில் ஒரு கை உப்பை அள்ளிப் போட்டதைப் பார்த்தவள் சினியா ஒருத்திதான். அடை வெந்தது. பாலாடை வைத்து மரியாதையாக நீட்டினாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. மேயர் கடித்தார், மென்றார், கண் கலங்க விழுங்கினார்.

“எப்படி இருக்கு, தோன் எலியேசர்?”

“பிரமாதம், யோர்லேனி.”

“இன்னொண்ணு வைக்கட்டுமா?”

அவர் சுற்றிலும் பார்த்தார். “அதுக்கென்ன, வைங்க,” என்றார்.

யோர்லேனி கல்லில் மாவை ஊற்றிக்கொண்டே தங்கை பக்கம் திரும்பினாள். “எழுதிக்கோடி. முழுமையான திருப்தி.”