பிரசாத் பின்சீட்டில் உட்கார்ந்த நாள்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் மொஹ்சின் கீழ்பென்னாத்தூருக்குப் போனது ஒரு காரை விலைக்குப் பார்க்க. ஜப்பானிலிருந்து இறக்குமதியான டர்போ செடான். எண்ணெய் மில் நடத்தும் பிரசாத் பதினோரு வருஷமாக வைத்திருந்தது. போன வருஷம் பக்கவாதம் வந்து அவருக்கு இடது கால் விழுந்துவிட்டது. கிளட்சை மிதிக்க முடியாது.

மொஹ்சின் என்ஜின் நம்பரை ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தான். டர்போ குழாயை விரலால் தடவினான். கசிவு இல்லை.

"ஒரு ரவுண்டு போலாமா சார்?"

"போலாம். ஆனா அவ ஓட்டட்டும். வெளியாள் கையில நான் குடுத்ததில்ல."

"என் கையிலயும்தான் குடுத்ததில்ல" என்றாள் மனைவி அருணாதேவி. மில்லின் லோடு வண்டியை இப்போது ஓட்டுகிறவள் அவள்தான். சாவியை வாங்கிக்கொண்டாள்.

பிரசாத்தைப் பின்சீட்டில் எப்படியோ உட்கார வைத்துக் கிளம்பினார்கள். ஊர் தாண்டியதும் சாலையோரம் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. அதையும் கடந்து, காலியான நேர்ச் சாலையில் மூன்றாவது கியரில் போட்டு மிதித்தாள். ஒரு கணம் ஒன்றுமில்லை. பிறகு என்ஜினில் ஒரு விசில். மொஹ்சினின் முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது.

"மெதுவா!" என்றார் பிரசாத்.

"பேசாம உக்காருங்க."

திரும்பி வரும்போது அவர் சொன்னார், "பாய், தப்பா நெனைக்காதீங்க. வண்டி குடுக்கல. இனிமே அவ ஓட்டட்டும்."

மொஹ்சின் வாதாடவில்லை. அடுத்த பஸ் எப்போது என்று யோசித்தான்.

வீட்டில் பிரசாத்தை இறக்குவது பெரும்பாடாகிவிட்டது. சீட்டு ரொம்பத் தாழ்வு. இருவரும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினார்கள். இரண்டு முறை பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். கால் முன்சீட்டுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. ஒருவழியாக நிற்க வைத்து, வேட்டியைச் சரிசெய்துவிட்டு அருணாதேவி சொன்னாள், "எடுத்துட்டுப் போங்க பாய்."

"நல்லாத்தானே ஓட்டின?"

"ஓட்டினேன். ரொம்ப நல்லாருந்துச்சு. வாரத்துக்கு மூணு நாள் ஆஸ்பத்திரிக்கு உங்கள இதுல ஏத்தி எறக்க என்னால ஆவாதுங்க. சீட்டு ஒசரமா இருக்குற வண்டியா ஒண்ணு எடுக்கலாம்."

பிரசாத் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பேனா கேட்டார்.

விற்பனைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டு முடித்ததும், "ஸ்பீடு பிரேக்கர்ல கொஞ்சம் குறுக்க ஏத்துங்க. நேரா போனா அடி தட்டும்" என்றார்.

மொஹ்சின் நாற்பதைத் தாண்டாமல் ஓட்டி வந்தான். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டு நெரிசலில் நின்றபோது பக்கத்து ஆட்டோக்காரர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா வண்டி பாய் இது?"

"என்னுது" என்றான் மொஹ்சின்.