தொட்டிலுக்கு மேலே ஒரு தெர்மோஸ்டாட்

என் கணவரின் அண்ணன் பேரின்பநாதன் ஸ்கார்பரோவிலிருந்து ஒரு பரிசு அனுப்பினால் அதை அலுமாரியில் வைக்கக்கூடாது. எடுத்துப் பொருத்தி, வேலை செய்வதை வீடியோவில் காட்டவேண்டும். இல்லாவிட்டால் மனிதருக்கு முகம் நீண்டுவிடும், கதை சொந்தம் முழுக்கப் போய்விடும். இந்த முறை அனுப்பியது தெர்மோஸ்டாட். போனிலிருந்தே அறையின் சூட்டைக் கூட்டிக் குறைக்கலாமாம்.

எங்கள் மகள் சாம்பவி மாதம் நிறையுமுன் பிறந்தவள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரிதான் அவளுக்கு வீடு. நான் எங்கள் வீடிருக்கும் செயின்ட்-மிஷேலிலிருந்து தினமும் மெட்ரோவில் போய், பால் கொடுத்துவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வருவேன். அந்தத் திரும்பி வருதல் என் எதிரிக்கும் வரக்கூடாது. ஒருவழியாக, வெள்ளிக்கிழமை பின்னேரம் கூட்டிப் போகலாம் என்றார்கள். அறை மட்டும் ஒரே சீராகச் சூடாக இருக்கவேண்டும் என்றார்கள். எங்கள் பழைய தெர்மோஸ்டாட் அதற்கு லாயக்கில்லை. ஒருநேரம் அவிக்கும், ஒருநேரம் விறைக்கவிடும்.

அதனால் வெள்ளி காலையில் என் கணவர் றூபன் பரிசைப் பிரித்தார்.

"இஞ்சாருங்க, எலெக்ட்ரீசியனக் கூப்பிடுங்க," என்றேன்.

"அண்ணன் தன்ட வீட்டில தானே பூட்டினவர். லேசான வேலை, நிரஞ்சலா."

"அவர்ட வீடு வேற, நம்மட வீடு வேற."

சொன்னேனே தவிர, எனக்கு வயரும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. பயம் மட்டும் இருந்தது. அண்ணன்காரர் அதற்குள் வீடியோவில் வந்துவிட்டார். பின்னால் அவர் மனைவி, பிள்ளைகள், எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்த மாதிரி.

"எத்தின வயர் தெரியுது, தம்பி?"

"ரெண்டு. நல்ல மொத்தம், தடிச்ச வயர்."

"என்ட வீட்டில கனக்க இருந்தது. ரெண்டெண்டா இன்னும் லேசு. பூட்டு."

அவருடைய வீட்டில் நிலவறையில் காஸ் எரிந்து வீடு முழுவதையும் சூடாக்குகிறது. அங்கே தெர்மோஸ்டாட்டுக்குப் போவது துளி மின்சாரம்; அவர் அனுப்பியதும் அதை மட்டும்தான் தாங்கும். எங்கள் வீட்டில் சுவரடியில் மின்சார ஹீட்டர். அதற்குப் போகிற இருநூற்று நாற்பது வோல்ட்டும் சுவரிலிருக்கும் அந்தச் சின்னப் பெட்டிக்குள்ளால்தான் போகும். இது பிறகுதான் எங்களுக்குத் தெரியவந்தது. அண்ணனுக்கும்தான்.

றூபன் இரண்டு வயரையும் பூட்டி முடித்து, கீழே போய், நிறுத்திவைத்திருந்த மின்சார பிரேக்கரைப் போட்டார். சுவரில் 'சர்ர்' என்றது. நீல வெளிச்சம் ஒன்று அடித்தது. பெட்டி உருகி, எரிந்துகொண்டே சொட்டியது. ஜன்னல் குளிர் படக்கூடாதென்று தொட்டிலை அந்தச் சுவரோடுதான், பெட்டிக்கு நேர் கீழே போட்டிருந்தேன்.

"நிப்பாட்டுங்க!" என்று கத்திக்கொண்டே தொட்டிலை இழுத்தேன். பிரேக்கர் தானாக விழுந்து மின்சாரம் நின்ற பிறகும் புகை நிற்கவில்லை. கட்டிலில் கிடந்த போனில் அண்ணன், "வேலை செய்யுதா, தம்பி?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் போனை அணைத்தேன்.

தொட்டில் விரிப்பை நான் இரண்டு தரம் கழுவி, இஸ்திரி போட்டு விரித்திருந்தேன். தலை வைக்கும் பக்கத்தில் ஒரு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தேன், மெத்தைக்குள்ளும் போனது. றூபன் மேலே ஓடிவந்து அதைப் பார்த்தார். அவரைத் தின்றுவிடுகிற ஆத்திரம் எனக்கு.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காரில் பூட்டும் குழந்தை இருக்கை அவர் கையில் இருந்தது. ஏன் கொண்டுவந்தார் என்று நான் கேட்கவில்லை. சாம்பவிக்கு மஞ்சள் தொப்பி போட்டு, தாதி சிரித்துக்கொண்டு நின்றாள்.

வீடு முழுக்கப் புகை மணம். அந்தச் சின்ன நெஞ்சு அதை எப்படித் தாங்கும்?

"நீங்களே சொல்லுங்க," என்றேன் றூபனிடம்.

இந்த ஊர் ஆஸ்பத்திரியில் எல்லாம் பிரெஞ்சுதான். எனக்கு அது வராது. டவுன்டவுன் ரெஸ்டோரண்ட் குசினியில் சமையல் வேலை செய்து அவர் அதைப் பழகியிருந்தார். குனிந்தபடி சொன்னார். இன்றைக்கு வேண்டாம் என்பதை மட்டும் தாதி திருப்பிக் கேட்டாள். அவர் திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது. அவள் என்னைப் பார்த்தாள், பிறகு அவர் கையிலிருந்த இருக்கையை வாங்கி மூலையில் வைத்தாள்.

நான் உட்கார்ந்து பால் கொடுத்தேன். குடித்து முடித்ததும் தொப்பியைக் கழற்றி, என் பிள்ளையை நானே ஆஸ்பத்திரித் தொட்டிலில் திரும்பக் கிடத்தினேன்.