விசிறியைப் பார்க்கச் சம்பளம்

ஜூலியஸ் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு முதலாளி பரஞ்சோதி போட்ட விலை, மாதம் ஐந்நூறு ரிங்கிட் கூடுதல். யோசனைக்கு விலை போட்டதே அதிசயம். அதையும் பேரம் பேசாமல் போட்டாரே, அதுதான் சண்முகவள்ளிக்குப் பொறுக்கவில்லை.

பீடோங் ஊரில் கடைக்காரர்களுக்கு வருமான வரிக் கணக்கு எழுதிக்கொடுக்கும் அலுவலகம் அது. முடித்த கோப்புக்கு ஒரு கோடு என்று சுவரில் வெள்ளைப் பலகை தொங்கியது. மாதக் கடைசியில் யாருக்குக் கோடு அதிகமோ, அவருக்குத்தான் பண்டார் பாருவில் திறக்கப்போகும் கிளையின் மேலாளர் நாற்காலி. வள்ளிக்கு நாற்பத்தொரு கோடு. ஜூலியஸுக்கு ஒன்பது. அப்படியும் அவளுக்கு நிம்மதி இல்லை. வருகிற கடைக்காரர்கள் எல்லாம், "ஜூலியஸ் தம்பி இருக்காரா?" என்றுதானே கேட்கிறார்கள்?

ஒருநாள் அவளும் சாய்ந்து விசிறியைப் பார்த்தாள்.

"என்ன வள்ளி, தலவலியா? பனடோல் வேணுமா?" என்றார் முதலாளி.

அவன் பார்த்தால் யோசனை, இவள் பார்த்தால் தலைவலி!

மாதக் கடைசி நாள், மளிகைக்கடை மணியம் கையெழுத்துப் போட வந்தார். அவர் கோப்பை வள்ளி அரை மணியில் முடித்து, அந்த நாற்பத்தொன்றில் ஒரு கோடாகப் போட்டும் ஆயிற்று. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்த பிறகே கையெழுத்து என்பது அங்கே வழக்கம். ஜூலியஸ் பார்த்தான். மூடி வைத்தான். மேலே பார்த்தான்.

"என்ன தம்பி, சரியா இருக்கில்ல?"

ஜூலியஸ் விசிறியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மணியம் செருமினார். சட்டைப் பொத்தானைத் திருகினார்.

"சரி லா, சொல்லிடறேன் லா. செமிலிங்ல இன்னொரு கடை ஓடுது, கணக்குல காட்டல. யாரு போய் உங்ககிட்ட சொன்னா?"

யாரும் சொல்லவில்லை. வள்ளிக்கு வயிறு பற்றிக்கொண்டு எரிந்தது. இது அவள் அப்பாவின் வித்தை அல்லவா! துணிக்கடையில் வந்தவர் அடிமாட்டு விலை கேட்டால், அப்பா வாயைத் திறக்காமல் சேலையை மடிக்கத் தொடங்குவார். இரண்டாவது மடிப்பில் விலை தானாக ஏறும். அந்த வீட்டில் பிறந்தவள் இவள், அதை வைத்துப் பேர் வாங்குகிறவன் அவன். கோட்டுக்காக ஓடிய ஓட்டத்தில் ஒரு நிமிடம் சும்மா இருக்க அவளுக்கு எங்கே நேரம்?

மணியம் கைப்பேசியை எடுத்துக்கொண்டு வெளியே போனதும், "ஒங்க கோடு அப்படியே இருக்கட்டும்க்கா. நாளைக்குத் திருத்திக்கலாம். மொதலாளிகிட்ட நான் ஒண்ணும் சொல்லல," என்றான் ஜூலியஸ் மெதுவாக.

திறமையைக்கூட மன்னித்திருப்பாள். இந்தப் பெருந்தன்மையை எப்படி மன்னிப்பது? விறுவிறுவென்று போய் ஒரு கோட்டை அழித்தாள்.

"மொதலாளி, இத ஜூலியஸ் பேர்ல போடுங்க."

"ஏன், அவன் எத முடிச்சான்?"

"ஒண்ணும் முடிக்கல. நான் முடிச்சத தெறந்தான்."

விஷயத்தைக் கேட்ட பரஞ்சோதி பேனாவோடு பலகை முன் நின்றார். தலையைச் சொறிந்தார்.

"தெறந்ததுக்கு எங்கம்மா கோடு போடுறது? விடு. அப்பவும் கோடு அதிகமா இருக்கறது ஒனக்குத்தான். பண்டார் பாருவுக்கு நீயே போ."

ஜூலியஸ் கைதட்டினான். மனதாரத்தான் தட்டினான், பாவி. திரும்பி வந்த மணியமோ அவனிடம், "நீங்க இங்கதான இருப்பீங்க தம்பி?" என்று கேட்டு உறுதி செய்துகொண்டார்.

நாற்காலி கிடைத்துவிட்டது. வள்ளி பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது பலகையை இன்னொரு தரம் கூட்டிப் பார்த்தாள். சண்முகவள்ளி நாற்பது. ஜூலியஸ் ஒன்பது. யார் பேரிலும் ஏறாமல் ஒரு கோடு பாக்கி.