உலகத்துக்குக் குறுக்கே ஒரு நடுக்கம்

நாகலூரில் மாதப்பன் வீட்டுக்குப் பின்னால் ஒரு மொட்டைப் பாறை. போன வருஷம் அதில் குழி வெட்டி, நில அதிர்வை அளக்கும் கருவி ஒன்றை இறக்கியிருந்தார்கள். அன்றிலிருந்து அந்தக் கருவி மேல் அவருக்குக் கடுப்பு. எஸ்டேட் வேலை முடிந்து வந்தால் அந்தப் பாறையில்தான் விறகு பிளப்பார். கருவியைப் பார்த்துக்கொள்ளும் பவித்ரா, "அண்ணா, நீங்க போடற ஒவ்வொரு போடும் இதுல பதியுது" என்று கெஞ்சிக் கேட்டதால், இப்போது ஓடைக்கு அந்தப் பக்கம் போய்ப் பிளந்து சுமந்து வர வேண்டியிருந்தது.

"நம்ம பாறை, நம்ம கோடாலி. ஒரு பொட்டி வந்து நம்மளயே தொரத்துது" என்று மனைவி காவேரியிடம் புலம்புவார்.

அன்று காலை பவித்ரா சேலத்திலிருந்து பஸ் ஏறி வந்து, குழியருகே லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருந்தாள். மேட்டில் புதிதாகக் கட்டும் லாட்ஜுக்காக ஒரு மிஷின் பாறை உடைத்துக்கொண்டிருந்தது. திரையில் கோடு கன்னங்கரேலென்று கிறுக்கலாய் ஓடியது.

செல்போனில் ஏதோ செய்தி வந்தது. படித்தவள் மேட்டைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க அம்மணி, கெட்ட சேதிங்களா?" என்றார் மாதப்பன்.

"இல்லைங்கண்ணா. பெரு நாட்டுக்கு அந்தாண்ட நடுக்கடல்ல பூமி அதிர்ந்திருக்கு. யாருக்கும் சேதமில்லை. நமக்குக் கிட்டத்தட்ட நேர் எதிர்ப்பக்கம் அது. அந்த அதிர்வு பூமிக்குக் குறுக்கால வந்துட்டு இருக்கு. இன்னும் பத்து நிமிஷத்துல இந்தப் பாறைக்கு வந்துரும். வந்து என்ன? அந்த மிஷின் ஆட்டத்துல காணாமப் போயிரும்."

"குறுக்காலன்னா, எது வழியா?"

"மேல இந்தப் பாறை ஓடு. அதுக்குக் கீழ, கண்ணுக்குத் தெரியாம மெதுவா நகர்ற பாறை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு. அதுக்கும் கீழ உருகின இரும்பு, கடலாட்டம். நட்டநடுவுல கெட்டி இரும்பு உருண்டை. இந்நேரம் அந்த உருண்டைக்குள்ள இருக்கும்."

மாதப்பன் மேட்டைத் திரும்பிப் பார்த்தார்.

"அம்மாந்தூரம் வந்தது நம்ம ஊட்டுக்கிட்ட வந்து தொலையறதா?"

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காப்பிச் செடிகளுக்கு நடுவே மேடேறி ஓடினார். இரண்டு முறை சறுக்கி விழுந்தார். மிஷின் ஓட்டும் ஜெயபிரகாஷுக்கு அவர் கத்தியது கேட்கவில்லை. துண்டை ஆட்டிக்கொண்டு நேராக மிஷின் முன்னால் போய் நின்றார்.

"ஏனுங்க, சாகப் போறீங்களா?"

"செத்த நேரம் நிறுத்து சாமி! கீழ இருந்து ஒண்ணு வருது!"

"பாம்புங்களா?"

"பூமிக்கு அந்தப் பக்கத்துல இருந்து!"

பெரியவர் காலையிலேயே குடித்துவிட்டாரோ என்று ஜெயபிரகாஷ் நினைத்தான். ஆனாலும் அவர் மூச்சிரைத்த விதத்தைப் பார்த்து இன்ஜினை அணைத்தான்.

மலையே சட்டென்று அமைதியானது. கீழே பவித்ராவின் திரையில் கோடு மெலிந்து நூலாயிற்று. காவேரி மாவுக் கையோடு வாசலில் அப்படியே நின்றுவிட்டாள்.

அப்போது அந்த நூல் சிலிர்த்தது. அடங்கியது. மறுபடியும் சின்னச் சின்ன மேடுகளாய் எழும்பியது.

மாதப்பனும் ஜெயபிரகாஷும் இறங்கி வந்தபோது பவித்ரா விரல் வைத்துக் காட்டினாள். "இதுதாங்கண்ணா. உருண்டைக்குள்ள புகுந்து வந்தது."

"உருண்டை இருக்குதுன்னு யாராச்சும் தோண்டிப் பாத்தாங்களா?" என்றான் ஜெயபிரகாஷ்.

"தோண்ட முடியாதுங்க. இந்த அதிர்வுகளை வெச்சுத்தான் தெரிஞ்சுது. பக்கவாட்டில ஆட்டற அதிர்வு ஒண்ணு இருக்கு. அது உருகின இரும்புக்குள்ள போகாது. எதிர்ப்பக்கத்துக்கு அது நேரா வந்து சேராததைப் பாத்துத்தான், உருண்டையைச் சுத்தி இரும்பு உருகிக் கிடக்குதுன்னு கண்டுபிடிச்சாங்க."

"வராததை வெச்சேவா!" மாதப்பன் திரைக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "நொம்பப் பெரிய மூளைங்க அது."

மேட்டிலிருந்து சூப்பர்வைசரின் விசில் கேட்டது. ஜெயபிரகாஷ் அசையவில்லை.

"சோறு ஆறுதுங்க" என்றாள் காவேரி.

"கெடக்குது. இன்னும் ஆடுது பாரு, வா" என்று நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார் மாதப்பன்.