மெதுவாகப் போட்ட கடைசிப் பந்து

மிச்சம் என்ற ஆங்கிலேய ஊரின் மைதானத்தில் கிரிக்கெட் அரையிறுதி முடிந்து நாங்கள் தேநீர் மேசைக்கு வருவதற்குள்ளேயே எங்கள் கப்டன் யோகலிங்கம் அண்ணை என்னைக் கிழிக்கத் தொடங்கிவிட்டார். கடைசிப் பந்தில் எதிரணிக்கு நான்கு ஓட்டங்கள் வேண்டியிருந்தன. நான் மெதுவாகப் போட்டேன். மஞ்சள் முடிக்காரன் ஒருவன் ஆறுதலாக, அவசரப்படாமல் காத்து நின்று சிக்ஸர் அடித்துவிட்டான்.

“மெதுவா வருது எண்டு கையிலை காட்டிப்போட்டாய்! இல்லாட்டி அவனுக்கு எப்பிடித் தெரியும்?”

“நான் காலடியிலை வேகமா யோர்க்கர் போடத்தான் நிண்டனான். ஓடத் தொடங்கேக்கை, மெதுவாப் போடடா எண்டு கத்தினது ஆர்?”

“கத்தினனான்தான். தமிழிலைதானே கத்தினனான்! வெள்ளையளுக்கு என்ன விளங்கும்? ஏழு வருசமா இப்பிடித்தான் வெண்டுகொண்டு வாறம். சொதப்பினது நீ.”

ஏழு வருடமாக விக்கெட் விழுந்தால் அவருடைய மூளை, அடி விழுந்தால் என்னுடைய கை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“உங்கடை கப்டன் பதவியை நீங்களே கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருங்கோ!” என்று தொப்பியை மேசையில் எறிந்தேன். அவருடைய தேநீர் கவிழ்ந்தது.

பக்கத்து மேசையில் காற்காப்பைக் கழற்றிக்கொண்டிருந்த மஞ்சள் முடிக்காரன் எழுந்து வந்து கோப்பையை நிமிர்த்தி வைத்தான்.

“அவரைப் பேசாதேங்கோ, அண்ணை,” என்றான். “என்ரை அம்மா மன்னார். நீங்கள் கத்தினது எனக்கு நல்லா விளங்கினது.”

அண்ணைக்கு அப்போதும் வாய் அடங்கவில்லை. “தமிழ் தெரியுமெண்டு முதலே சொல்லுறதுக்கென்ன?” என்று அவன்மேல் பாய்ந்தார்.

“சொல்லியிருந்தா நீங்கள் கத்தியிருப்பியளோ?”